அமிலம்மாவின் பலகையில் ஓடிய எழுத்துகள்

வேதியியல் டீச்சர் தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டிருந்தார்.

'தாழ்வாரத்தில் ஓடக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி ஆய்வகத்துக்கு வெளியே ஒட்டியவரே அவர்தான். அந்த அறிவிப்பைத் தாண்டித்தான் ஓடினார். கையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மைக். மூக்கின் நுனியில் தொங்கும் கண்ணாடி. எதிரே பந்து மூட்டையோடு வந்த பி.டி. சார் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்.

கம்ப்யூட்டர் அறைக் கதவை முழங்கையால் தள்ளித் திறந்தார்.

"தங்கச்சி, இது ஓடலை."

கணினி டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "எது அக்கா?"

"எழுத்து. நான் பேசிப் பேசிப் பாக்குறேன், பலகைல ஒண்ணுமே வரலை. அந்த ஆள் மாடிப்படி ஏறிட்டார். பெரியம்மா கூடவே வர்றாங்க."

பெரியம்மா என்பது எங்கள் தலைமை ஆசிரியை. அந்த ஆள் என்பது, டீச்சரின் வகுப்பைப் பார்த்து மதிப்பிட நிர்வாகம் அனுப்பியிருந்த அதிகாரி. கணினி டீச்சர் சுவரில் இருந்த சின்னப் பெட்டியை ஒரு தரம் பார்த்தார். பிறகு தன் திரையைப் பார்த்தார். பிறகு டீச்சரின் முகத்துக்கு நேராகத் திரும்பி, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"நீங்க போங்கக்கா. போய் பாடத்த ஆரம்பிங்க. இப்ப ஓடும்."

"ஓடலைன்னா?"

"ஓடும்கா."

டீச்சர் போனார். ஓடியது. எப்படி ஓடியது என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

நிற்க.

பாராட்டு மடலை இப்படித் தொடங்கக் கூடாது என்று தமிழ் ஐயா மேலே உள்ள பகுதி முழுவதையும் சுழித்துவிட்டார். முதலில் விளி, அடுத்து வியப்பு, அதற்கும் அடுத்துதான் விவரம் என்பது அவர் சட்டம். ஓட்டத்தில் தொடங்கியதை இனி அழிக்க முடியாது. ஆகவே இந்த இடத்திலாவது சட்டப்படி விளிக்கிறோம்.

அமிலத்தை அளந்து ஊற்றி, அன்பை அளக்காமல் ஊற்றிய அருமை அக்காவே! வெடிக்குமோ என்று வெலவெலத்து வந்த பிள்ளைகளை, வேதியியல் பீரியடுக்கு விசில் அடித்து ஓடிவர வைத்த வித்தகியே! குடுவை கைதவறி உடைந்தபோதெல்லாம் குடுவையைப் பார்க்காமல் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்த பெருந்தகையே! மாணவர் நடுவில் அமிலம்மா என்றும், எங்கள் நடுவில் அக்கா என்றும், சம்பளப் பட்டியலில் மட்டும் சொந்தப் பெயராலும் அழைக்கப்பட்டவரே, வணக்கம்.

இந்த மடலில் உங்களை 'அவர்' என்றே எழுதுகிறோம். 'நீங்கள்' என்று எழுதினால் நடுவில் எழுந்து, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, உக்காருங்க" என்று எங்களை அடக்கிவிடுவீர்கள். 'அவர்' என்றால் யாரைப் பற்றியோ கேட்பது போல நீங்களும் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆம், கேட்டுக்கொண்டு. அந்தச் சொல்லை இந்த அரங்கில் தைரியமாகச் சொல்ல முடிவதே எங்களுக்குப் பெரிய நிம்மதி.

பணி நிறைவு ஆணை கைக்கு வந்த மறுநாள் காலை, அமிலம்மா ஆசிரியர் அறைக்குள் நுழைந்தார். இரண்டு காதுகளிலும் அவரை விதை அளவுக்கு ஏதோ இருந்தது. தன் நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார்.

"எல்லாரும் கொஞ்சம் மெதுவா பேசுங்களேன். இத்தனை நாளும் இவ்வளவு சத்தமாவா பேசிட்டிருந்தீங்க?"

அறை கப்பென்று அடங்கியது.

"எனக்குக் காது மந்தமாகி ரொம்ப நாளாச்சு," என்றார். "யாருக்கும் தெரியாம சமாளிச்சுட்டேன். இனிமே மறைக்க ஒண்ணுமில்ல. டீ ஆறுது, குடிங்க."

நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்தோம். பி.டி. சார் நெஞ்சில் கைவைத்து நாற்காலியில் சாய்ந்தே விட்டார். அதன்பிறகு அமிலம்மா தன் கதையை முதலில் இருந்து சொன்னார். மணி அடித்தும் யாரும் எழவில்லை. அன்று அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதல் அடி வகுப்பில் விழுந்தது. சமையல் உப்பின் வேதியியல் பெயர் என்ன என்று கேட்டிருந்தார். முன்வரிசையில் ஒருத்தி எழுந்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, தலை அசைந்தது, முகத்தில் ஒரு பணிவு. அமிலம்மா மகிழ்ந்து போனார்.

"சரியான பதில். எல்லாரும் கைதட்டுங்க."

அந்தப் பெண் கேட்டது, "மிஸ், தண்ணி குடிச்சுட்டு வரட்டுமா?"

வகுப்பு கைதட்டியது. கைதட்டிக்கொண்டே மேசையில் விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பை அமிலம்மா கண்ணால்தான் பார்த்தார். தோள்கள் குலுங்கின, ஒலி வரவில்லை.

அன்று மாலை வீட்டில் அவர் வீட்டுக்காரர் டி.வி. ரிமோட்டைப் பிடுங்கி வைத்தார். "ஏம்மா, ஏன் இப்படி அலற விடுற? எதிர் வீட்டுக்காரங்க அவங்க டி.வி.யை வித்துட்டாங்க. நம்ம வீட்டுச் செய்தியே போதுமாம்."

"மெதுவாதானே வெச்சிருக்கேன்."

"நான் இப்ப கத்தித்தான் பேசுறேன், தெரியுதா?"

தெரியவில்லை. அடுத்த வாரம் காது மருத்துவர் உறுதி செய்தார். காதுக்கருவி எழுதிக் கொடுத்தார். வாங்கியும் ஆயிற்று. பீரோவில், நகைப்பெட்டிக்குக் கீழே வைத்துப் பூட்டியும் ஆயிற்று. அதை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் கால் வைத்தால் அன்றே நிர்வாகத்துக்குத் தெரியும். பார்வை மங்கிய ஓவிய ஆசிரியரை மூன்று மாதத்தில் ஸ்டோர் பொறுப்புக்கு அனுப்பிய நிர்வாகம் அது. ஓய்வு பெறும் கடைசி நாள் வரை ஆய்வகத்தில் நிற்க வேண்டும், பிள்ளைகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். அமிலம்மாவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவர் தொழில்நுட்பம் பக்கம் திரும்பினார்.

அதுவரை தன் செல்போனில் அலாரம் வைக்கக்கூடப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டவர். மறுநாள் கணினி டீச்சர் முன்னால் போய் நின்றார்.

"தங்கச்சி, பிள்ளைங்க வாயே திறக்காம பதில் சொல்ற மாதிரி ஏதாவது வந்திருக்கா?"

"எதுக்குக்கா?"

"சத்தம் தாங்கல."

கணினி டீச்சர் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு தேடத் தொடங்கினார்.

முதலில் அட்டைகள் வந்தன. ஒவ்வொரு பிள்ளை கையிலும் கட்டம் கட்டமாக அச்சடித்த ஒரு சதுர அட்டை. விடை எதுவோ, அந்தப் பக்கம் மேலே வரும்படி தூக்கிக் காட்ட வேண்டும். அமிலம்மா செல்போன் கேமராவை வகுப்பின் மேல் ஒரு வீச்சு வீசுவார். யார் சரி, யார் தவறு என்று வகுப்பின் மின்னணுப் பலகையில் விழும். அடுத்து, சோதனைக் குழாயைப் பெரிதாக்கிக் காட்டும் கேமரா வந்தது. அதற்கும் அடுத்து, கேள்வியைத் தட்டிவிட்டால் பெயர் இல்லாமல் பலகையில் வந்து நிற்கும் கேள்விப் பெட்டி. ஒவ்வொன்றையும் அமிலம்மா தானே நிறுவினார், தானே பழுது பார்த்தார், ஒத்துவராததைத் தூக்கிக் கடாசினார். பிள்ளைகளைச் செய்முறைக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒருதரம் தானே செய்து பார்ப்பாரே, அதே ஜாக்கிரதை.

ஊரே அசந்துபோனது. 'நவீன வகுப்பறையின் முன்னோடி' என்று நிர்வாகம் கேடயம் கொடுத்தது. விழாவில் அவரைப் பற்றி என்ன பேசினார்கள் என்று அவருக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் கைதட்டியபோது அவரும் யாருக்கோ என்று சேர்ந்து தட்டினார். பணிவுக்கு இலக்கணம் என்று அதையும் பாராட்டினார்கள்.

ஆனால் அமிலம்மாவுக்கு ஒரு குறை இருந்தது. அட்டை 'எது' என்ற கேள்விக்குப் பதில் சொல்லும். பெட்டி யோசித்துத் தட்டிய கேள்வியைத்தான் தரும். பாடம் நடக்கும்போதே பாதியில் எழுந்து 'ஏன்' என்று கேட்கிற வாய் இருக்கிறதே, அது எந்தப் பெட்டியிலும் அடங்காது. அப்படி ஒரு வாய் அந்த வகுப்பின் கடைசி பெஞ்சில் இருந்தது. பிள்ளைகள் அவளை வக்கீல் என்று கூப்பிடுவார்கள். அமிலம்மா எதைச் சொன்னாலும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடமாட்டாள். அந்த வாய் அசைவதும் தனக்கு எதுவும் புரியாமல் போவதும்தான் அவரை அரித்தன.

அதற்காகத்தான் பேசினால் எழுதும் கருவியைக் கண்டுபிடித்தார். ஒரு சின்ன மைக். கேள்வி கேட்பவர் கைக்குப் போகும். அவர் பேசப் பேசப் பலகையிலும் டீச்சர் மேசையில் இருந்த சின்னத் திரையிலும் எழுத்து ஓடும். எல்லாம் இன்டர்நெட் வழியாக நடக்கும் வித்தை. ஓடிய எழுத்து எப்படி இருந்தது என்பது வேறு கதை.

ஒரு நாள் ஆய்வகம் வழியாகப் போன தமிழ் ஐயா, பலகையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். 'கார்பனுக்கு நான்கு பிழைப்பு' என்று இருந்தது. பிள்ளை சொன்னது பிணைப்பு. அதற்குக் கீழே, 'நீரின் மூளைக்கோளாறில் எத்தனை அணுக்கள்?' பிள்ளை சொன்னது மூலக்கூறு.

மணி அடித்ததும் ஐயா உள்ளே வந்தார். கோபத்தில் அவர் குரல் எப்போதும் ஏறிவிடும். அமிலம்மாவுக்கு அதுவே வசதி.

"டீச்சர், உங்க பலகை தமிழைக் கொலை பண்ணுது."

"கொலை இல்லீங்க ஐயா. மயக்க மருந்துதான் குடுத்திருக்கு."

"அயனின்னு சொன்னா 'ஐயா நீ'ன்னு எழுதுது. யாரைக் கேக்குது அது?"

"உங்களைத்தான். பதில் சொல்லிட்டுப் போங்க."

ஐயா விறுவிறுவென்று வெளியேறினார். மூன்று நாள் ஆய்வகம் இருக்கும் மாடிக்கே வரவில்லை.

அமிலம்மா அந்தப் பிழைகளோடு பழகிக்கொண்டார். எந்தக் கோளாறுக்குப் பின்னால் எந்தக் கூறு ஒளிந்திருக்கிறது என்று மனசுக்குள்ளேயே திருப்பிப் போட்டுக்கொள்வார். ஆனால் எல்லாப் பிழையும் சிரிப்பாக முடியவில்லை. நவச்சார உப்பைத் தண்ணீரில் கரைத்துக் காட்டியபோது வக்கீல் கேட்டாள், "மிஸ், தண்ணி ஏன் சில்லுன்னு ஆகுது?" கருவி எழுதியது, 'தண்ணி ஏன் சின்னதா ஆகுது?' கரைசலின் கன அளவைப் பற்றி அமிலம்மா அந்த பீரியட் முழுக்க விளக்கினார். அருமையான விளக்கம். கேட்ட கேள்விக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

இரண்டு நாளில் வக்கீலின் அப்பா பள்ளிக்கூடம் வந்தார். வக்கீலுக்கே அப்பா என்றால் கேட்க வேண்டுமா.

"என் பொண்ணு ஒண்ணு கேட்டா டீச்சர் வேற ஒண்ணு சொல்றாங்க. பொதுத்தேர்வு வருஷம், நாங்க யாரைப் போய்க் கேக்கிறது?"

விஷயம் நிர்வாகம் வரைக்கும் போனது. ஒரு மதிப்பீட்டாளர் வருவார், ஒரு வகுப்பைப் பார்ப்பார். பிள்ளைகளின் கேள்விக்கு டீச்சர் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று அவர் எழுதினால், இறுதி வகுப்பு வேறு ஆளுக்குப் போகும், ஓய்வு வரைக்கும் அமிலம்மா நூலகத்தைப் பார்த்துக்கொள்வார் என்று முடிவாயிற்று. நூலகம் நல்ல இடம்தான். ஆனால் அங்கே யாரும் எழுந்து நின்று 'ஏன்' என்று கேட்க மாட்டார்கள்.

அந்த மதிப்பீட்டாளர் மாடி ஏறிய நேரத்தில்தான் அமிலம்மா தாழ்வாரத்தில் ஓடியது.

அவர் திரும்பி வந்தபோது மதிப்பீட்டாளர் கடைசி பெஞ்சில், வக்கீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் மருந்துகள் வைக்கும் ஸ்டோர் ரூமின் கதவு. பெரியம்மா வாசலில் நின்றார். பலகை துடைத்து வைத்ததுபோல இருந்தது. அமிலம்மா நேரத்தைக் கடத்தினார். கந்தக அமிலத்தின் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். மூடியைப் பற்றிச் சொன்னார். லேபிளைப் பற்றிச் சொன்னார். லேபிளின் பசையைப் பற்றிக்கூடச் சொன்னார். இனிச் சொல்ல ஒன்றுமில்லை என்ற கட்டத்தில் வக்கீல் எழுந்துவிட்டாள். கையில் மைக். உதடு அசைந்தது.

அமிலம்மாவின் கண் மேசைத் திரைக்குப் போனது. வெறும் திரை.

ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு.

எழுத்து வந்தது. 'அம்மா, எனக்கு ஓர் ஐயம்.'

வகுப்பு முழுக்கத் தோள்கள் குலுங்கின. வக்கீல் சொன்னது, "மிஸ், எனக்கு ஒரு டவுட்டு." அது அமிலம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவர் நிம்மதியாக, "கேளும்மா" என்றார். வக்கீல் கேட்டாள். இந்தத் தடவை எழுத்து தடுமாறவே இல்லை.

'அமிலத்தில் நீரை ஊற்றலாகாது, நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும் என்கிறீர்கள். இரண்டும் கலக்கத்தானே போகின்றன? எதில் எதை ஊற்றினால் என்ன?'

அமிலம்மா அந்தக் கேள்வியை இரண்டு தரம் படித்தார். பசித்தவர் இலையைப் பார்ப்பது போலப் படித்தார் என்று பெரியம்மா பிறகு சொன்னார்.

"ஒரு மகா கோபக்காரர் இருக்கார்னு வெச்சுக்கோ," என்று தொடங்கினார். "அவர் வீட்டுக்குத் தன்னந்தனியா ஒருத்தர் போறார். என்ன ஆகும்? மொத்தக் கோபமும் அந்த ஒருத்தர் மேல கொட்டும். அதுதான் அமிலத்துல விழுற சொட்டுத் தண்ணி. கொதிச்சுத் தெறிச்சு உன் மூஞ்சியிலதான் வந்து விழும். அதே கோபக்காரர் ஒரு பெரிய கல்யாணக் கூட்டத்துக்குள்ள வர்றார். கூட்டம் சுத்தி நின்னு அவர் சூட்டைப் பங்கு போட்டு ஆத்திடும். நிறைய தண்ணி, கொஞ்சம் கொஞ்சமா அமிலம், விடாம கலக்கல். இப்ப சொல்லு, எதுல எதை ஊத்துவ?"

வக்கீல் உட்காரவில்லை. இன்னொன்று கேட்டாள், அதன்மேல் மற்றொன்று. எல்லாம் பிசிறில்லாமல் ஓடின, எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. அப்போது மதிப்பீட்டாளர் மைக்கை வாங்கினார். கோப்பை முகத்துக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசினார். உதட்டைப் படிக்கவும் வழியில்லை. திரையில் வந்தது.

'இந்தக் கருவி இல்லாமல் உங்களால் பாடம் நடத்த முடியுமா?'

அமிலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"முடியும் சார். ஆனா பாதி வகுப்புதான் நடத்துவேன். என் பாதியை மட்டும்."

மதிப்பீட்டாளர் கோப்பை மூடினார். வகுப்பு அவரிடமே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அமிலம்மா நேராகக் குழாயடிக்குப் போய், வழக்கத்துக்கு மேல் நேரம் முகம் கழுவினார். பிறகு கணினி டீச்சரிடம் வந்தார். "என்ன பண்ணின தங்கச்சி? ஒற்றுப் பிழைகூட இல்லாம எழுதுதே."

கணினி டீச்சர் கீழே கிடந்த வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "அப்டேட்டுக்கா."

அந்த அப்டேட்டுக்குப் பிறகு கருவிக்கு நாளுக்கு ஒரு குணம் வந்தது. திங்கட்கிழமை இலக்கண சுத்தமாக எழுதும். பிளாஸ்க் என்றால் குடுவை, டவுட் என்றால் ஐயம். செவ்வாய்க்கிழமை 'ஏன் கொதிக்குது? சீக்கிரம்' என்று அதட்டும். லகரமும் ளகரமும் ழகரமும் அதற்கு ஒன்றுதான். புதன்கிழமை ஒவ்வொரு கேள்விக்கும் எண் போடும், எண்ணுக்குள் உட்பிரிவும் போடும். வியாழக்கிழமை ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு சிரிக்கிற மூஞ்சி. வெள்ளிக்கிழமை இருக்கிறதே, அது எல்லாவற்றிலும் பயங்கரம். பின்வரிசையில் கிசுகிசுத்தால்கூட, கிசுகிசுத்தது யார், எந்த பெஞ்சு என்று சேர்த்து எழுதும்.

அமிலம்மா விஞ்ஞானி அல்லவா, சும்மா விடுவாரா? அறையின் வெப்பம், காற்றின் ஈரம், மைக் இருக்கும் உயரம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். குணம் மாறவில்லை. வட்டார ஆசிரியர் பயிற்சியில் வரைபடத்தோடு விளக்கினார். இணையத்தின் நெரிசல் நாளுக்கு நாள் மாறுவதால் கருவியின் போக்கும் மாறுகிறது என்பது அவர் முடிவு. பல பள்ளிக்கூடங்களில் இருந்து வந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். இடையே அவருக்குச் சில சில்லறை எரிச்சல்களும் இருந்தன. பெரியம்மா நடுவருஷத்தில் டைம்டேபிளை மாற்றினார். அமோனியா வாடை என்று சொல்லி மருந்துகளை ஆய்வக அலமாரிக்கு மாற்றிவிட்டு ஸ்டோர் ரூமைப் பூட்டினார். "இந்த அம்மாவுக்கு வேற வேலை இல்லை" என்று அமிலம்மா எங்களிடம் குறைபட்டதும் உண்டு.

வருஷம் முடிந்தது. வேதியியலில் ஒருவரும் தவறவில்லை. வக்கீல் சட்டம் படிக்கப் போகவில்லை. வேதியியல்தான் படிக்கப் போகிறாளாம். அவள் அப்பா இந்த அரங்கின் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து இப்போது தலையைக் குனிந்துகொள்கிறார்.

அன்புக்குரிய அக்கா, இனி 'நீங்கள்' என்றே அழைக்கிறோம். பாடத்தைப் படித்துக் காட்டாமல் பற்றவைத்துக் காட்டினீர்கள். புதியது எது வந்தாலும் பயந்து ஒதுங்காமல், பல்லைப் பிடித்துப் பார்த்து, பயன் உண்டென்றால் பழகி, பிறருக்கும் பகிர்ந்தீர்கள். கேள்வி கேட்பவரைத் தேடிப் போன ஆசிரியர் நீங்கள். உங்கள் காலை நேரங்கள் மணிச் சத்தம் இல்லாமல் விடியட்டும். உங்கள் உடல் நலமும் உள்ளத்தின் உற்சாகமும் உயர்ந்தோங்கட்டும். உங்கள் வீட்டுக்காரர் இனி மெதுவாகப் பேசப் பழகட்டும். எதிர் வீட்டுக்காரர்கள் புது டி.வி. வாங்கட்டும். நீடு வாழ்க, நிம்மதியாக வாழ்க.

மடல் இங்கே முடிய வேண்டும். ஆனால் போன வாரம் நீங்கள் உங்கள் கதையைச் சொன்னபோது, எங்கள் கதையை நாங்கள் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் உங்களை அனுப்ப எங்களுக்கு மனசு வரவில்லை.

அன்று இன்டர்நெட் இல்லை அக்கா. தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய இயந்திரம் கேபிளை அறுத்துவிட்டிருந்தது. பள்ளிக்கூடம் முழுக்க எதுவும் ஓடவில்லை. நீங்கள் தாழ்வாரத்தில் திரும்பி நடப்பதற்குள் கணினி டீச்சர் வயர் இல்லாத கீபோர்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு, பக்கத்து வகுப்பில் செய்யுள் நடத்திக்கொண்டிருந்த தமிழ் ஐயாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தார். தமிழில் அவர் அளவுக்கு வேகமாகத் தட்டச்சு செய்ய இங்கே வேறு ஆள் கிடையாது. பின்வாசல் வழியாக ஸ்டோர் ரூமுக்குள் புகுந்து, அமோனியா பாட்டில்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, கதவுக்கு மேலே இருக்கும் கண்ணாடி வழியாக வகுப்பைப் பார்த்துக்கொண்டே அவர் தட்டினார். தும்மலை அடக்கி அடக்கிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. "டவுட்டுன்னு தட்ட என் விரல் வரலை டீச்சர், என்ன பண்றது" என்று இன்றும் புலம்புகிறார்.

உங்கள் காதைப் பற்றி எங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்பீர்கள். "டீ வேணுமாக்கா?" என்று கேட்டால் "பத்தாம் வகுப்பு, பி பிரிவு" என்று பதில் சொல்பவரைப் பற்றி ஆசிரியர் அறைக்குத் தெரியாமல் இருக்குமா? போன வாரம் வாயைப் பிளந்தது நடிப்பு. பி.டி. சார் நடித்தது கொஞ்சம் அதிகப்படி. சொல்லியிருந்தால் மறுநாளே நூலகத்தின் சாவியைக் கேட்டு வாங்கியிருப்பீர்கள் என்றுதான் சொல்லவில்லை. பிள்ளைகளும் 'ஓர் ஐயம்' வந்த அன்றே எல்லாவற்றையும் கண்டுகொண்டார்கள். ஒருவரும் மூச்சுவிடவில்லை.

மதிப்பீட்டாளரை ஏமாற்றிவிட்டோமோ என்று வருந்தாதீர்கள். அவர் முதுகுக்குப் பின்னால்தானே அந்தக் கதவு. கீபோர்டு சத்தம் முழுவதும் அவருக்குக் கேட்டிருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர், பெரியம்மாவிடம் மெதுவாகச் சொன்னாராம். "உள்ள இருக்கிற கருவிக்கு ஒரு டீ குடுங்க. ரொம்ப நேரமா நிக்குது."

அன்று மாலையே கேபிள் சரியானது. கணினி டீச்சர் மைக்கில் 'மூலக்கூறு' என்று சொல்லிப் பார்த்தார். பலகையில் மறுபடியும் மூளைக்கோளாறு வந்தது. தமிழ் ஐயா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இவன் கையிலயா மறுபடியும் அந்த அம்மாவை விடணும்? திங்கட்கிழமை அந்த பீரியட் எனக்கு ஃப்ரீதான்" என்றார். செவ்வாய்க்கிழமை நான் என்றார் பி.டி. சார். கணக்கு டீச்சர் புதனைக் கேட்டு வாங்கினார். வியாழன் கணினி டீச்சருக்குப் போனது. வெள்ளிக்கிழமை யாருக்கும் ஒழியவில்லை. பெரியம்மா டைம்டேபிளைத் தன் பக்கம் இழுத்து, பென்சிலை எடுத்து, அங்கே தன் பெயரை எழுதினார்.

அந்த நாளில் இருந்து வருஷம் முடியும்வரை, அக்கா, உங்கள் வகுப்பில் அந்தக் கருவி ஒரு நாளும் ஓடவில்லை.

இப்படிக்கு,
திங்கள் முதல் வெள்ளி வரை
உங்கள் அப்டேட்
(ஆசிரியர் அறை)